கடைசி இடத்துக்குப் போன சாம்பியன்!

ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால், நேரு ஸ்டேடியம் நடக்கிற தூரம்தான். சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணியின் சொந்த மைதானம் அது. 2018 மார்ச்சில் இந்த அணி பெங்களூருவை 3-2 என்று வீழ்த்தி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. அடுத்த சீசனில் என்ன ஆனது தெரியுமா? 10 அணிகளில் பத்தாவது இடம்!

மொத்தம் 18 ஆட்டம். வெற்றி 2, டிரா 3, தோல்வி 13. போட்ட கோல் 16, வாங்கிய கோல் 32.

ஒரே வருடத்தில் விளையாட்டு மறந்து போகுமா என்ன? நடுக்களத்தைத் தாங்கிய வியாசர்பாடி தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட முடியவில்லை. முந்தைய சீசனில் 9 கோல் போட்ட ஜெஜே, இம்முறை போட்டது ஒன்றே ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அந்த கோல் வந்தது பெங்களூருவுக்கு எதிராக. அந்த ஆட்டத்தில் சென்னை 2-1 என்று ஜெயித்தது. கடைசியில் கோப்பை வென்றதோ அதே பெங்களூரு!

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் கடைசி 3 இடம் பிடிக்கும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியே ஆகவேண்டும். ஐ.எஸ்.எல்.லில் அப்போது அப்படி விதி இல்லை. நம்ம ஊர் 'ஆல் பாஸ்' மாதிரிதான். அதனால் சென்னை தப்பியது. அடுத்த சீசனில் முதல் 4 ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. 6 ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலக, ஓவன் காயில் வந்தார். அதன்பின் 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள்! 2020 மார்ச்சில் இறுதிப் போட்டி வரை போய், ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றது.

நல்ல விதிதானே என்கிறீர்களா? கொஞ்சம் கோயம்புத்தூர் பக்கம் பாருங்கள். அங்கே விளையாடிய சென்னை சிட்டி எஃப்.சி., 2019 மார்ச்சில் ஐ-லீக் என்ற இன்னொரு தேசியப் போட்டியில் முதலிடம் பிடித்தது. அதாவது ஒரே சீசனில் நம் மாநிலத்து அணி ஒன்று கடைசி, இன்னொன்று முதல். ஆனால் கடைசி அணி கீழே இறங்கவில்லை. முதல் அணிக்கு ஐ.எஸ்.எல்.லில் இடம் கிடைக்கவில்லை. இறங்க வழி இல்லாத இடத்தில் அப்போது ஏறவும் வழி இல்லை! எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஐ-லீக்கில் ஜெயித்து ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறிய முதல் அணி பஞ்சாப். அது 2023-ல். அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை.