நோயாளி கணக்கில் மிஞ்சும் பணம்: நிலைப்பாட்டு அறிக்கை

மருத்துவமனைக் கணக்கில் நோயாளி பெயரில் மிஞ்சி நிற்கும் தொகை நோயாளியின் பணம். அதை வருமானமாக அல்ல, திருப்பித் தர வேண்டிய பொறுப்பாகவே கணக்கில் காட்ட வேண்டும். இந்தியத் தனியார் மருத்துவமனைகளின் பில்லிங் இந்த அடிப்படையில் நடக்க வேண்டும் என்பது இந்த அறிக்கையின் நிலைப்பாடு.

மிச்சம் பெரும்பாலும் மூன்று வழிகளில் சேர்கிறது. அட்மிஷனின்போது கட்டிய அட்வான்ஸ் இறுதி பில்லைத் தாண்டிவிடுவது ஒன்று. காப்பீட்டு நிறுவனம் ஏற்ற செலவுக்கு நோயாளியிடமும் பணம் வாங்கியிருப்பது இன்னொன்று. மூன்றாவது, வார்டிலிருந்து பார்மஸிக்குத் திரும்பும் மருந்து. பிரிக்காத ஊசி மருந்தும் டிரிப்ஸ் பாட்டிலும் ரிட்டர்ன் பதிவாகும் முன்பே பில்லை முடித்துவிட்டால், அவற்றின் விலை கணக்கிலேயே தங்கிவிடும். ரிட்டர்ன் பதிவு முடிந்த பிறகே இறுதி பில் போட வேண்டும்.

அதிகச் சச்சரவு எழுவது கேஷ்லெஸ் சிகிச்சையில். பில் ரூ.1,20,000, பாலிசியில் சேராத செலவு ரூ.12,000, மீதி ரூ.1,08,000-க்குக் காப்பீட்டு நிறுவனம் அனுமதி தருகிறது என்று கொள்வோம். ரூ.30,000 அட்வான்ஸ் கட்டிய நோயாளிக்கு ரூ.18,000 திரும்ப வேண்டும். "இன்சூரன்ஸ் பணம் வரட்டும், தருகிறோம்" என்பதே கவுன்ட்டரில் கிடைக்கும் வழக்கமான பதில். நிறுவனம் பின்னால் பிடித்தம் செய்யக்கூடும் என்ற மருத்துவமனையின் கவலையில் நியாயம் உண்டு. ஆனால் அது அவ்விரு தரப்பும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024 மே மாதம் உத்தரவிட்டது. அனுமதி வந்ததும் நோயாளியின் பங்கு தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் காரணமில்லை.

எனவே பின்பற்ற வேண்டியவை:

1. அட்வான்ஸ், காப்பீட்டுத் தொகை, மருந்து ரிட்டர்ன், தள்ளுபடி, மிச்சம் ஆகியவை பில்லில் தனித்தனி வரிகளாக வர வேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் உருவாக்கிய நோயாளி உரிமைச் சாசனமும் விவரமான பில்லை உரிமையாகச் சொல்கிறது.

2. டிஸ்சார்ஜ் அன்றே பணத்தைத் திருப்ப வேண்டும். கார்டில் கட்டியது அதே கார்டுக்குப் போக வேண்டும்; வங்கியில் வரவாகச் சில நாள் ஆகும் என்பதால் பரிவர்த்தனை எண்ணைக் கையில் தர வேண்டும்.

3. எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அடுத்த சிகிச்சைக்கோ குடும்பத்தார் பாக்கிக்கோ வரவு வைக்கக் கூடாது.

4. ரசீது தொலைந்தது என்பதற்காக மறுக்கக் கூடாது. மருத்துவமனைப் பதிவும் அடையாளச் சான்றும் போதும்.

5. நோயாளி இறந்திருந்தால், அட்வான்ஸ் கட்டியவராக ரசீதில் பெயர் உள்ளவரிடம் மிச்சத்தைத் தர வேண்டும்.

6. யாரும் கேட்டு வராத தொகைக்குத் தனிப் பதிவேடு வைத்து, மாதந்தோறும் சரிபார்த்து, உரியவருக்குத் தகவல் அனுப்ப வேண்டும்.