உப்பளத்துப் பிள்ளைகளுக்குக் கோடை உண்டா?



பள்ளிகளுக்கு விடுமுறை விட்டாயிற்று. நகரத்துச் சிறுவனுக்கு நீச்சல், சதுரங்கம், ஓவியம் என்று கோடை முகாம்கள். கட்டணம் கட்டினால் போதும்! வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியிலோ, கோடை என்றால் உப்பு வாரும் காலம். தாயும் தந்தையும் விடியுமுன் பாத்தியில் இறங்கிவிட்டால், பிள்ளைகள் எங்கே போவார்கள்? கேட்டோமா நாம்?

நீர்மோர்ப் பந்தல் போடுகிறோம். படமும் எடுத்துக் கொள்கிறோம். மூன்றாம் நாள் பானை காய்ந்து கிடக்கிறது. (கோபம் வேண்டாம், நானும் பந்தல் போட்டவன்தான்!)

இந்த மண் கோடையை இப்படிக் கழித்ததில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்கள் 150 மைல் நடந்து இங்கே உப்பெடுக்க வந்தனர். சோறிட்டால் தண்டனை என்றார் தஞ்சைக் கலெக்டர் தார்ன். மக்களோ, சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளிலே கட்டித் தொங்கவிட்டனர்! மறு ஆண்டே, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டது. ஊர் ஊராகப் புத்தகம் சுமந்தது. அரசாணைக்கா காத்திருந்தது அந்த வண்டி?

விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளித் திடல் எதுவாயினும், மாலையில் திறந்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால், வாயிலில் நின்று கேளுங்கள். நம் படிப்பகங்களில் நாளேட்டோடு பத்துச் சிறுவர் நூல்களையும் வையுங்கள். படித்த இளைஞர் ஒருவர் அந்தியில் அங்கே அமரட்டும். இடமில்லை என்பீர்களோ? பந்தலுக்கு வாங்கிய கீற்று மிச்சம் இருக்குமே!