ஆறாம் மாதம் கதவைத் தட்டுவது யார்?

சாவு வீட்டுக்குத் துணையாக வந்து நிற்பதில் நம் ஊர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பதினாறாம் நாள் காரியமோ முப்பதாம் நாள் பூசையோ முடிந்ததும் எல்லோரும் அவரவர் பிழைப்புக்குத் திரும்பிவிடுகிறோம். பலர் மெல்ல மீண்டுவிடுகிறார்கள். சிலரால் முடிவதில்லை, மாதங்கள் கடந்தும் சமைக்க, வேலைக்குப் போக, பிள்ளையின் முகம் பார்க்க இயலாமல் கிடக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு மேலும் ஒருவரை இப்படி முடக்கும் துயரத்தை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனிப் பாதிப்பாக ஏற்றிருக்கிறது. அழுகையையும் நோயாக்குவதா என்று கோபப்படுவோரின் அச்சம் நியாயமானதே. ஆனாலும், முடங்கிக் கிடப்பவரைக் ‘காலம் ஆற்றும்’ என்று விட்டுவிடுவது கைகழுவுவதாகும்.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் சின்னத்துறை, வள்ளவிளை உள்ளிட்ட குமரிக் கடலோர ஊர்களின் மீனவர்கள் பலர் உடல்கூடக் கிடைக்காமல் போனார்கள். உடல் வராத வீட்டில் துக்க நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது? ஏழாண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருத சட்டம் இடம் தருகிறது. மனம் அந்தக் கணக்குக்குள் வராது. உதவித்தொகைக்கும் வங்கிக் கடனுக்கும் ரேஷன் அட்டைக்கும் ‘கணவர் இறந்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது, அவரைத் தன் கையாலேயே கடலில் தள்ளுவதாக ஒரு பெண்ணுக்குத் தோன்றலாம். சமூகப் பணியாளர் தேவைப்படும் இடம் இதுதான். ‘மறந்துவிடும்மா’ என்று சொல்லாமல், போனவரைப் பற்றி அவள் பேசப் பேசக் கேட்க வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு உடன் போக வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று தயங்காமல் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். நினைவு நாளும் பண்டிகையும் நெருங்கும்போது மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

இதை ஒரே நாளில் செய்து முடிக்க முடியாது. மாவட்ட மனநலத் திட்டமோ ஒரு மாவட்டக் குழுவுக்கு ஒரே ஒரு மனநல சமூகப் பணியாளரைத்தான் வகுத்திருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண் நல்ல ஏற்பாடுதான். ஆனால் படுக்கையை விட்டு எழ முடியாதவர் தொலைபேசியை எடுப்பார் என்று காத்திருக்கலாகாது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இறப்பு நேர்ந்த வீடுகளை அவர்கள் குறித்துத் தரட்டும். ஆறாம் மாதம் அங்கே செல்வதற்கு வட்டாரத்துக்கு ஒரு மனநல சமூகப் பணியாளரை நிரந்தரப் பணியிடத்தில் தமிழக அரசு நியமிக்க வேண்டும். கடலோர வட்டாரங்களில் இந்த நியமனத்தைத் தொடங்க வேண்டும்.