கட்டுமரமும் ஃபைபர் படகும்: பழுது பார்த்தல் பற்றிச் சில எண்ணங்கள்

விடுமுறை நாள்களில் தூண்டிலும் கையுமாகக் கடலுக்குள் சற்றுத் தொலைவு போய்வர விரும்புவோர் தாம்பரத்துக்குத் தெற்கேயுள்ள நம் புறநகர்களிலும் சிலர் உண்டு. மறைமலை நகரிலிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் கடற்கரையை அடைவது அரிய செயலன்று. இத்தகையோர் இருவர் மூவராகச் சேர்ந்து, மீனவர் பயன்படுத்திக் கழித்த பழைய ஃபைபர் படகொன்றை வாங்கிச் செப்பனிட்டுக்கொள்ள எண்ணுகின்றனர். அவர்களோடு உரையாடும்போதெல்லாம் நாம் காண்பது ஒன்று. எத்தனை குதிரைத்திறன் கொண்ட இன்ஜினைப் பொருத்தலாம் என்பதே முதற்கேள்வியாக இருக்கிறது. படகின் அடிப்புறம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, இன்ஜினைத் தாங்கும் பின்பலகை உள்ளுக்குள் உளுத்திருக்கிறதா என்னும் கேள்விகள் பிறகே வருகின்றன. பல வேளைகளில் வருவதேயில்லை.

மேம்படுத்துதல் என்றால் புதிதாக ஒன்றைச் சேர்த்தல் என்று நாம் பொருள்கொண்டுவிட்டோம். இருப்பதைப் பேணுவதே முதல் மேம்பாடு என்பதும், அந்த அறிவு நம் கரையில் நெடுங்காலம் வாழ்ந்தது என்பதும், எழுதிவைப்பாரின்றி அது நழுவிக்கொண்டிருக்கிறது என்பதுமே இங்கு நாம் சொல்ல விரும்புவன.

கட்டுமரத்திலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்களில் இது புகழ்பெற்றது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் இம்மிதவையைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார். இன்று மேலைநாட்டார் 'கேட்டமரான்' என்பது இரட்டை உடல் கொண்ட வேறொரு கலத்தை. பெயர் மட்டுமே நம்முடையது. இதைச் சொல்லிப் பெருமைப்படும் நாம், அந்தக் கட்டுமரம் எப்படிப் பேணப்பட்டது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

எடை குறைந்த மென்மரத் தடிகள் சிலவற்றைச் செதுக்கி, தேங்காய் நார்க்கயிற்றால் இறுகக் கட்டியதே கட்டுமரம். மென்மரம் நீரை உறிஞ்சும், உறிஞ்சினால் கனக்கும், கனத்தால் மிதக்கும் திறன் குறையும். ஆகவே கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் கிடத்தி உலரவிடுவர். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது மறுபடியும் கட்டுவர். இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மரமும், கயிற்றின் ஒவ்வொரு சுற்றும் நாள்தோறும் ஒருவர் கண்ணிலும் கையிலும் பட்டாக வேண்டும். விரிசலோ நைவோ மறைந்திருக்க இடமில்லை. சோதனை என்பது அங்கே தனி வேலையன்று, தொழிலின் உள்ளேயே பொதிந்திருந்தது.

மசூலாப் படகும் இவ்வாறே. சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆள்களையும் சரக்கையும் அலைகளின் மேல் கரைசேர்த்தது அதுதான். பலகைகளை ஆணியால் அறையாமல் நார்க்கயிற்றால் தைத்தார்கள். ஆணியடித்த படகு உடைந்துபோகும் அலையில் தைத்த படகு நெளிந்து கொடுத்துத் தப்பியது. கயிறு நைந்தால் பிரித்து மீண்டும் தைக்கலாம்; கெட்ட பலகையை மட்டும் மாற்றலாம். பிரிக்கக்கூடியதாகக் கட்டுவது என்பதே அதன் அடிப்படை.

இந்தத் தையல் முறை வியப்பான வழியில் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் 1960களின் தொடக்கத்தில் 'மிரர்' என்னும் சிறு பொழுதுபோக்குப் பாய்ப்படகு உருவாயிற்று. ஒட்டுப்பலகைத் தகடுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பின் மேல் கண்ணாடியிழை நாடாவும் ரெசினும் பூசி, சாதாரண மனிதரும் வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம் என்று அது காட்டியது. 1980களில் இதே முறையில் ஒட்டுப்பலகைப் படகுகளைக் குமரி மாவட்டத்து முட்டத்திலும் கேரளக் கரையிலும் உருவாக்கப் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லே மீனவர்களோடு சேர்ந்து உழைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகமற்ற மணற்கரையில் ஏறி இறங்கத்தக்க படகுகளைச் சோதித்தது. கரையை நெருங்கும்போது சுழலியை மேலே தூக்கிக்கொள்ளும்படி இன்ஜினைச் சாயத்தக்க பெட்டியில் பொருத்தினார்கள். கரையின் இயல்பை அறிந்து செய்த மேம்பாடு இது. குதிரைத்திறனைக் கூட்டுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை.

நிற்க. நம் புறநகர் நண்பர்கள் வாங்குவது கட்டுமரமும் அன்று, மசூலாவும் அன்று. அது ஃபைபர் படகு. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக இவ்வகைப் படகுகள் நம் கரையெங்கும் பெருகின. அவசரத்தில் கட்டிய தரக்குறைவான படகுகளும் அவற்றுள் இருந்தன. ஃபைபருக்கு அழிவில்லை என்னும் நம்பிக்கையும் அவற்றோடு வந்தது. அது பாதி உண்மையே. கண்ணாடியிழை உளுக்காது, ஆனால் அதன் உள்ளே பொதிந்த மரம் உளுக்கும். பின்பலகையில் திருகாணி நுழைந்த ஓட்டைகளை ஒழுங்காக அடைக்காவிட்டால், அவ்வழியே நீர் கசிந்து உள்ளிருக்கும் ஒட்டுப்பலகை ஊறிப்போகும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால், நல்ல இடம் கணீரென்றும் கெட்ட இடம் மந்தமாகவும் ஒலிக்கும்.

மேற்பூச்சான ஜெல்கோட்டில் கீறல் விழுந்தாலோ மணலில் இழுத்து அடிப்புறம் தேய்ந்தாலோ நீர் உள் அடுக்குகளுக்குள் புகுந்து கொப்புளங்கள் தோன்றும். அவற்றைச் சுரண்டி, நன்னீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே ரெசின் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசிய ரெசின் பிடிக்காது. கட்டுமரக்காரர் மணலில் மரத்தை உலர்த்தியதும் இதே விதிதான். தேய்க்கும்போது எழும் கண்ணாடித்தூள் நுரையீரலுக்குக் கேடு, முகக்கவசம் தவிர்க்கவியலாதது. ரெசினோடு சேர்க்கும் கேட்டலிஸ்டையும் ஆக்சிலரேட்டரையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, வெடித்துத் தீப்பற்றும். ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் வெளிப்புற இன்ஜினின் குளிர்ச்சிக் குழாய்களில் நன்னீரைச் செலுத்தி உப்பை வெளியேற்றுவதும், தேய்ந்த துத்தநாகக் கட்டியை மாற்றுவதும் மிகச் சிறிய வேலைகள். துத்தநாகம் தான் அரிபட்டு, இன்ஜினின் பிற உலோகப் பகுதிகளைக் காக்கிறது.

இனிக் குதிரைத்திறன். உருண்ட அடியும் மிகுந்த எடையும் கொண்ட படகு நீரைப் பிளந்து செல்வது. அதன் வேகத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. நீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் ஏறக்குறையக் கிடைக்கும். 16 அடியென்றால் 5.4 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். அதற்கு மேல் இன்ஜினை இரட்டித்தாலும் எரிபொருள் இரட்டிக்குமேயன்றி வேகம் இரட்டிக்காது. தட்டையான அடியும் குறைந்த எடையும் உடைய படகு நீர்மேல் எழும்பி இவ்வெல்லையைத் தாண்டும் என்பது மெய். ஆனால் எப்படகாயினும், கனத்த இன்ஜின் பின்புறத்தை அமிழ்த்தும். உளுத்த பின்பலகையோ ஒருநாள் இன்ஜினோடு பெயர்ந்து போகும். கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி அது நேர்ந்தால் பொழுதுபோக்கு உயிர்ப்போராட்டம் ஆகிவிடும். அந்தப் பணத்தில் பின்பலகையைப் புதுப்பிக்கலாம். மூழ்காமல் தாங்கும் நுரைப்பொதியைச் சரிசெய்யலாம். ஆளுக்கோர் உயிர்காப்புச் சட்டை வாங்கலாம்.

பழமைக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்வதாக எவரும் கருத வேண்டாம். கட்டுமரத்தில் நாளெல்லாம் நனைந்தபடி உழைத்த மீனவர், கொஞ்சம் உலர்ந்த இடமும் கூடுதல் மீனைச் சுமக்கும் வசதியும் கிடைத்தபோது அதைக் கைவிட்டது முற்றிலும் நியாயம். சென்னைக் கரையில் கட்டுமரம் அரிதாகிப்போனதற்குக் கண்ணீர் விடுவது அதில் ஏறிப் பிழைக்காதவர்க்கு எளிது. நம் வருத்தம் கலம் மாறியது பற்றியதன்று, கலத்தோடு இருந்த பழக்கம் உடன்வராதது பற்றியது.

இதில் தமிழாசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு. நம் ஊர், நாகப்பட்டினத்தில் 1876இல் பிறந்து, வேதாசலம் என்ற தம் பெயரை மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகளின் பெயரைத் தாங்கியது. எதையும் தமிழால் சொல்ல முடியும் என்ற துணிவை அவர் தந்தார். அதை நாம் 'ஃபைபரா, கண்ணாடியிழையா' என்னும் வழக்காகச் சுருக்கிவிட்டோம். கடலோடிகள் இவ்வழக்கில் நேரத்தைச் செலவிட்டதில்லை. முன்முனைக்கு அணியம், பின்புறத்துக்கு அமரம் என்ற தமிழ்ச் சொற்களோடு அரபுவழி வந்த சுக்கானையும் பாரசீகவழி வந்த நங்கூரத்தையும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டார்கள். சொல் எங்கிருந்து வந்தாலும், அது சுட்டும் செயல் கைக்குத் தெரிந்திருந்தது. இன்று சொல் இருக்கிறது, கை மறந்துபோகிறது. படகு செப்பனிடும் கொட்டகைகளில் ரெசினைக் கலக்கும் இளைஞருக்கு அளவும் வரிசையும் வாய்மொழியாகவே கிடைக்கின்றன. டப்பாவின் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. நம் முதுகலை மாணவர்கள் சங்க இலக்கியத்தில் நாவாய், அம்பி, திமில், பஃறி எத்தனை இடங்களில் வருகின்றன என்று எண்ணி ஆய்வேடு எழுதுகிறார்கள். அவர்களுள் ஒருவரேனும் ஒரு குறிப்பேட்டுடன் கோவளத்துக்கோ காசிமேட்டுக்கோ போய், பழுது பார்ப்பவர் சொல்வதைச் சொன்னபடி எழுதிவந்தால், அது நூலாகும். ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.

சங்கப் புலவர்கள் இவ்வேலையை இழிவாகக் கருதவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். நற்றிணையின் நெய்தற் பாடலொன்றில், உழைத்து மூத்து முனை முறிந்த அம்பி ஒன்று புன்னை நிழலில் கட்டப்பட்டிருக்கிறது. கிழட்டு எருதை உழவர் மேயவிடுவதைப் போல அதற்கு ஓய்வு தந்திருக்கிறார்கள். அந்தப் படகு மரத்தாலானது. மெல்ல மண்ணோடு மண்ணாகியிருக்கும். நாம் கழித்துப்போடும் ஃபைபர் படகு அப்படிப் போகாது. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் தலைமுறைகளுக்கு மண்ணுக்குள் கிடக்கும். ஆகவே அதைப் பத்தாண்டு கூடுதலாக ஓடவைப்பது சிக்கனம் மட்டுமன்று, நம் கடமையும்கூட. தமிழில் இச்செயலுக்குப் பழுது 'பார்த்தல்' என்று பெயர். பழைய படகு வாங்கும் நண்பர்கள், இன்ஜின் விலையைக் கேட்பதற்கு முன், ஒரு பகற்பொழுது அதைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்க்கட்டும்.