பழைய கெமராவும் ஈரத் தானியமும்

பழைய வாகனம் வாங்கப் போகும் எவரும் முதலில் கேட்பது, எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதைத்தான். அதே மனிதர் பாவித்த கெமரா வாங்கும்போது கீறல் இருக்கிறதா, பெட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். கெமராவுக்கும் ஒரு மீற்றர் உண்டு என்பது வாங்குபவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. விற்பவருக்குத் தெரியும். பிரச்சினையே அங்குதான்.

2022இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பிறகு, புதிய கெமரா என்பது ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பக்கத்து இளைஞனுக்கு எட்டாத பொருளாகிவிட்டது. கல்யாண வீட்டுப் படம் எடுத்துப் பிழைக்க நினைப்பவன் பண்டாரவளையிலோ கொழும்பிலோ பாவித்த ஒன்றைத்தான் தேடுகிறான். அதற்காக உம்மாவின் நகை அடகுக்குப் போயிருக்கவும் கூடும்.

ஒவ்வொரு படத்துக்கும் கெமராவுக்குள் ஷட்டர் ஒரு முறை திறந்து மூடுகிறது. அது தேயும் உறுப்பு. கெனன் 5டி மார்க் 3க்கு 150,000 முறை, நிக்கோன் டி850க்கு 200,000 முறை என்று கம்பனிகளே ஆயுளைச் சொல்லியுள்ளன. அதற்கு முன்பே பழுதாகலாம், பின்பும் உழைக்கலாம். ஆனால் ஒரு கல்யாணத்துக்கு 2,000 படம் எடுப்பவர் 50 கல்யாணத்தில் 100,000ஐத் தொட்டுவிடுவார். வெளியே துடைத்து வைத்தால் கெமரா புதிது போலவே இருக்கும்.

நிக்கோனில் இந்த எண்ணிக்கை ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் பதிவாகிறது. உங்கள் கண்முன் ஒரு படம் எடுக்கச் சொல்லி, கார்ட்டிலிருந்து நேரடியாகக் கணினியில் போட்டுப் பாருங்கள். வட்ஸ்அப்பில் வரும் படத்தில் அந்த விபரம் அழிந்திருக்கும். கெனனில் பெரும்பாலும் கெமராவையே கணினியுடன் வயரில் இணைத்து, அதற்கான மென்பொருளால் பார்க்க வேண்டும். படத்தின் பெயரிலுள்ள இலக்கத்தைக் காட்டி “மூவாயிரம்தான் எடுத்தது” என்று சொல்பவரிடம் கவனம் தேவை. அந்த இலக்கம் 9999க்குப் பின் மீண்டும் 1இலிருந்து தொடங்கும். வீடியோவுக்கே அதிகம் பாவித்த கெமராவில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் உழைப்பு குறைவல்ல. அதையும் கேட்டறிய வேண்டும்.

“அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை” என்பது எமது வியாபாரிகள் சிலரின் வாதம். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மழையில் நனைந்தது என்ற விளக்கத்தைக் கேட்டபின், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்டார்கள். வாங்குபவர் கேட்டாரா என்பது அங்கு பேச்சே இல்லை. “பழசு, பார்த்து எடுங்கள்” என்ற வார்த்தையும் தெரிந்தே மறைத்த குறைக்குக் கேடயமாகாது.

எண்ணிக்கை கூடிய கெமராவை விற்பது குற்றமல்ல. அதற்கேற்ற விலையைச் சொல்லி விற்கலாம், வாங்கவும் ஆள் உண்டு. பாவித்த பொருள் விற்கும் எமது கடைக்காரர்கள் மொடல், தொடர் இலக்கம், ஷட்டர் எண்ணிக்கை மூன்றையும் பில்லிலேயே எழுதிக் கொடுக்கட்டும். ஷாபிஈ மத்ஹபில் மூன்று நாள் வரை திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையுடன் விற்க இடமுண்டு. அதையும் அந்தப் பில்லில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.