வானத்து வெளிச்சமும் பரிகார வியாபாரமும்

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வாசகத் தோழர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து பார்த்தபோது, வெளிச்சப் புள்ளிகள் பல ஒரே வரிசையாய், ரயில் வண்டிபோல், ஓசையின்றிப் போயினவாம். மறுநாள் காலைக்குள் தெருவில் அது தெய்வத்தின் தேர் ஆகிவிட்டது. சாயந்திரத்திற்குள் பரிகாரத்திற்கு ரேட்டும் பேசியாகிவிட்டதாம்! படித்த வாலிபர் சிலர் மட்டும், "அது தேரல்ல, வேற்றுக்கிரகத்தாரின் வாகனம்" என்றார்களாம். தேரை விட்டிறங்கி வாகனத்தில் ஏறியதைத் தவிர இவர்கள் படிப்பு இவர்களுக்குச் செய்த உபகாரம் என்ன என்பது நமக்கு விளங்கவில்லை.

தோழர் கண்டது பெரும்பாலும் துணைக்கோள்களாகவே இருக்கும். அமெரிக்கக் கம்பெனி ஒன்று 2019 முதல் 'ஸ்டார்லிங்க்' என்னும் துணைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் டஜன் கணக்காக ஏற்றி அனுப்பி வருகிறது. அனுப்பிய சில நாட்கள் அவை சரமாய் ஓடும். கீழே நமக்கு இருட்டிவிட்டாலும் அத்தனை உயரத்தில் வெயில் படுகிறபடியால் மின்னுகின்றன. இவ்வளவுதான் சங்கதி.

நிற்க, இதில் போவது தட்சணையும் தேங்காயும் மட்டுமானால் நாம் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 2ந் தேதி இரவு (மராட்டியர்களுக்கு அன்று வருஷப் பிறப்பு) மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் முதலிய இடங்களில் வானத்தில் நெருப்புக் கோடுகள் ஓடின. எரிநட்சத்திரம் என்றார்கள் பலர். சந்திரபூர் ஜில்லா லாட்போரி கிராமத்திலோ, ஏறக்குறையப் பத்தடி அகலமுள்ள உலோக வளையம் ஒன்று காலி மனையில் வந்து விழுந்தது. 2021ல் சீனா விட்ட ராக்கெட்டின் துண்டு அது என்று வான ஆராய்ச்சிக்காரர்கள் கணித்தார்கள். ஆள் சேதம் இல்லை.

சேதம் ஏற்பட்டிருந்தால்? விதி என்பவன் தலையெழுத்தை நொந்துகொண்டு பிணத்தைத் தூக்கிப்போவான். காரணம் கேட்பவனுக்கோ வழக்கு இருக்கிறது. ஒரு நாடு வானத்தில் விட்ட பொருள் பூமியில் விழுந்து கேடு செய்தால், விட்ட நாடே ஈடு கொடுக்கவேண்டும் என்று 1972ல் சர்வதேச ஒப்பந்தம் ஏற்பட்டது. 1978ல் சோவியத் நாட்டின் காஸ்மாஸ் 954 என்னும் அணுசக்தித் துணைக்கோள் கனடாவில் சிதறி விழுந்தது. கனடாக்காரர்கள் சாந்தி செய்யவில்லை. துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, செலவுக் கணக்கை எழுதி அனுப்பினார்கள். 1981ல் முப்பது லட்சம் கனடா டாலர் கொடுக்க சோவியத் நாடு சம்மதித்தது.

லாட்போரியில் காலி மனை இருந்தது. கூவம் வளைவுக்குள் வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் சிந்தாதிரிப்பேட்டையில் அது எங்கே இருக்கிறது? பரிகாரத்திற்கு ரேட்டு பேசினவர்கள் அதைக் காட்டிவிட்டுப் பணத்தை வாங்கட்டும்.