இல்லம் பேணல்: மழைக்கு முன்னே மாடிக்கு ஏறுங்கள்



கூரை ஒழுகத் தொடங்கிய பின் கொத்தனாரைத் தேடி அலைவது நம் இல்லங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். புரட்டாசி முடிவதற்குள் மாடியைப் பார்த்துவிடுங்கள். (ஹிஜ்ரி மாதங்கள் எல்லாப் பருவங்களிலும் சுழன்று வருவதால், இதற்குத் தமிழ் மாதக் கணக்கே கைகொடுக்கும்.)

நீர் பெரும்பாலும் தளத்தின் நடுவே இறங்குவதில்லை, இணைப்புகளில்தான் இறங்குகிறது. தட்டோடுகளின் இடுக்கு, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தொட்டிக் குழாய் தளத்தைத் துளைக்குமிடம், டிஷ் ஆன்டெனாவுக்குப் போட்ட துளை ஆகியவற்றை விரலால் தடவிப் பாருங்கள். நகம் நுழையும் விரிசலில் நீரும் நுழையும்.

தட்டோட்டு இடுக்குகளில் உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, தூசி போக்கி, நனைத்து, நீர்க்கசிவுத் தடுப்பு மருந்து கலந்த சிமெண்டால் அடைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் ஈரம் காயாமல் காப்பது உங்கள் பொறுப்பு. சுவர் மூலைக்குச் சிமெண்ட் மட்டும் போதாது. பகல் வெயிலில் தளம் விரிந்து இரவில் சுருங்குவதால் அது மீண்டும் வெடிக்கும். அங்கே ரப்பர்போல் நெகிழும் பாலியூரித்தேன் பசையே நிற்கும். இடம் நன்கு உலர்ந்திருக்க வேண்டும்.

சிலர் கீழே கறை தெரிந்ததும் உட்கூரைக்குப் பெயிண்ட் அடித்து நிம்மதி அடைகின்றனர். இது வீண் செலவு. உள்ளே தங்கிய நீர் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைப்பதால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அந்தக் காரை உறங்கும் குழந்தையின் மீது விழக்கூடும். குடும்பத் தலைவர் சபுரில் இருக்கும் வீடுகளில், "அவர் விடுமுறையில் வரட்டும்" என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். மின்விசிறிக் கொக்கியருகே ஈரம் கண்டால், அந்த இணைப்பை உடனே நிறுத்திவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

உங்கள் மாடி நீர் அடுத்த வீட்டுச் சுவரில் வழிகிறதென்றால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அண்டை வீட்டாரின் ஹக்கு அது.

பணி முடிந்து பூச்சு இறுகியபின், குழாய் வாயைச் சாக்கால் அடைத்து ஓர் அங்குல நீரை ஒரு நாள் நிறுத்திப் பார்க்கலாம். இதற்காகக் கூலியைப் பிடித்து வைக்காதீர்கள். கசிந்தால் மீண்டும் வந்து அடைத்துத்தர வேண்டுமென்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். மர உத்திரம் தாங்கும் பழைய மாடிகளில் மட்டும் இச்சோதனை வேண்டவே வேண்டாம். 100 சதுர அடியில் நிற்கும் ஓர் அங்குல நீர் 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது.